பாம்பில்லாத மூலை

எங்கள் தொழிற்சாலையில் பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். மற்றவர்கள் இரும்பை உருக்குகிறார்கள், மண் அச்சில் ஊற்றுகிறார்கள், ஆறியதும் உடைத்தெடுத்துப் பிசிறு தட்டுகிறார்கள். நான் பயப்படுகிறேன். எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்த ஒயரில் தோல் உரிந்திருக்கிறது, எந்த ஏணியின் கால் ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துப் பயந்துவிட்டு வந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இதற்குச் சேஃப்டி ஆபீசர் என்று பெயர். கூப்பிடுவது வெறும் 'சேஃப்டி'. மீஞ்சூரில் ரயில் ஏறும்வரை நான் ஒரு மனிதன். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு துறை.

இந்தப் பயம் படித்து வந்ததில்லை, பிறவியிலேயே உண்டு. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கூடத்துக்குப் போய்விடுவேன். அதை மறைக்கத்தான் இத்தனை வருடமாக ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவேன். 'ஆபத்து வந்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள். பாருங்கள். யோசியுங்கள். அப்புறம் நடங்கள்.' இதை நானே பெயின்ட் வாங்கி உருக்கும் ஷெட்டின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது ஏணியின் முதல் படியில்தான் நின்றேன். அதனால் எழுத்துகள் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்.

காம்பவுண்டின் வடக்கு மூலை யாருக்கும் வேண்டாத இடம். சட்டத்துக்காக வைத்த புங்கமரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பக்கத்து இரும்பு உருட்டாலையின் செந்தூசு படிந்து இலைகள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். அதற்குப் பின்னால் உடைந்த மரப்பலகை அடுக்குகள், பழைய வார்ப்பு மணல் குவியல், சொட்டுகிற வால்வுடன் ஒரு தண்ணீர்த் தொட்டி, பாதி இடிந்த பழைய ஷெட்டின் சுவர். அந்தச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு காலத்தில் புகையை வெளியே இழுத்த அகலமான தகரக் குழாய் துருத்திக்கொண்டிருக்கும். டக்ட் என்போம். ஒரு முனை சுவருக்குள் அடைபட்டிருந்தது, மறுமுனை மரத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. வேண்டாத பொருளை வெளியே அனுப்ப மூன்று பேர் கையெழுத்து வேண்டும். வைத்துக்கொள்ள யார் கையெழுத்தும் வேண்டாம். அதனால் எல்லாம் அங்கேயே இருந்தன.

அங்கே காலியிடம் இருந்ததால், ஆபத்து நேரத்தில் எல்லோரும் வந்து கூட வேண்டிய அசெம்பிளி பாயின்ட்டை நான் அந்த மூலையிலேயே வைத்திருந்தேன். பச்சைப் பலகை, நான்கு அம்புக்குறி, நடுவில் நான்கு பொம்மை மனிதர்கள். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில், வாரத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, அந்தப் பலகையைத் துடைக்கப் போனேன். பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆடிட் என்றால் எங்கள் எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்போம். அசையாமல் நின்றால் மனிதனுக்கும் அடித்துவிடுவோம். பலகை சுவரை ஒட்டி இருந்தது. எட்டித் துடைத்தபோது தலைக்கு மேலே, மிக அருகில், ஒரு சீறல் கேட்டது. நீளமாக, கோபமாக, டயரில் காற்று இறங்குவதுபோல.

நிற்கவில்லை. பார்க்கவில்லை. யோசிக்கவில்லை. நடக்கவுமில்லை. உருக்கும் ஷெட்டின் வாசலில் அபாய பட்டன் இருக்கிறது. அதன் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அழுத்திவிட்டு, கேட்டை நோக்கி ஓடினேன்.

சைரன் அலறியது. அதுவரை பயிற்சியில் ஒருநாளும் ஒழுங்காக வராத மொத்தத் தொழிற்சாலையும் அன்று ஒழுங்காக வந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, வரிசையாக, வேகமாக, அசெம்பிளி பாயின்ட்டுக்குப் போனார்கள். அதாவது, பாம்பு இருக்கிறது என்று நான் நினைத்த இடத்துக்கு அத்தனை பேரையும் சைரன் ஊதி வரவழைத்துவிட்டு, நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடியபோது ஒரு ஒடிசாப் பையன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "சார், அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று நான் சொல்லிக்கொடுத்த தமிழிலேயே வழி சொன்னான். கடைசியில் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்றேன். காவலாளி கீழே நின்று, "இறங்குங்க சார், அது ஏற்கெனவே ஒரு கால் வெடிச்சது" என்றார்.

பாம்பு என்று எப்போது சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை. மேனேஜர் வந்து சேர்வதற்குள் அது நல்ல பாம்பாகியிருந்தது.

"நீங்க பார்த்தீங்களா?" என்றார் அவர். அதிகம் பேசாதவர். அவர் கேள்வி கேட்டால் பதில் தானாக நீளும்.

"பார்த்தேன் சார்."

"எவ்வளவு நீளம்?"

கைகளை விரித்தேன். என் கைகள் அவ்வளவு விரியும் என்று எனக்கே தெரியாது.

"படம் எடுத்துச்சா?"

"எடுத்துச்சு சார்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து என் கூட்டாளி, உருக்குப் பிரிவின் சூப்பர்வைசர், முன்னால் வந்தான். ஆரம்பாக்கத்துக்காரன். எனக்கு வயதொத்தவன், சாயங்காலம் ஸ்டேஷன்வரை கூடவே நடந்து வருகிறவன். என் சைரனுக்குக் கட்டுப்பட்டு, உருகிய இரும்பு நிறைந்த வாளியை அப்படியே விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடியவன். அந்த இரும்பு வாளியிலேயே உறைந்துகொண்டிருந்தது. அதைக் கொத்தியெடுக்க அவன் ஆட்கள் ஒரு வாரம் சாக வேண்டும்.

"நானும் பாத்தேன் சார்," என்றான். "வால மட்டும் பாத்தேன். உள்ள போய்க்கினு இருந்துச்சு."

மேனேஜர் தலையசைத்துப் போய்விட்டார்.

"யோவ் நைனா," என்றான் கூட்டாளி மெதுவாக. "நெஜமா பாத்தியா?"

"சத்தம் கேட்டேன்."

"சத்தமா?"

"பெரிய சத்தம்."

"அப்ப நான் பாத்த வாலு யாருதுய்யா?"

மதியத்துக்குள் கம்பெனியில் பாதிப்பேர் அந்தப் பாம்பைப் பார்த்திருந்தார்கள். சாயங்காலம் அது ஜோடியாகிவிட்டது. மறுநாள் காலையில் பலகை அடுக்கின் முன்னால் யாரோ ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் வைத்து மஞ்சள் தூவியிருந்தார்கள். பாலைக் கேண்டீன் பூனை குடித்தது. முட்டையும் மறுநாள் இல்லை. அது ஒரு சாட்சியாகிவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆடிட்டுக்கு முன் வெளியாட்கள் யாரையும் உள்ளே விட முடியாது, பாம்பு பிடிக்கத் தீயணைப்பு வண்டி வந்து கேட்டில் நின்றால் கதையே வேறு. "அந்த மூலையிலேயே இருங்க. எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க. என்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க" என்றார். தண்டனை மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

முழங்கால்வரை கம்பூட்ஸ், தலையில் ஹெல்மெட், வெல்டர்கள் போடும் தோல் கையுறை, கையில் ஒரு நீளக் கம்பி. கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம், "சார், சந்திரனுக்கு எப்ப கெளம்பறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் வழக்கமாக அவர்களிடம் அடிக்கிற ஜோக்குகளைவிட அவை நன்றாகவே இருந்தன.

பயந்தவன் பார்ப்பதுபோல வேறு யாரும் ஒரு இடத்தைப் பார்க்க மாட்டார்கள். ரசிக்க வந்தவன் பூவைப் பார்ப்பான், மரத்தைப் பார்ப்பான், போய்விடுவான். பயந்தவன் ஓட்டைகளைப் பார்ப்பான். எது எங்கிருந்து வரும், எதற்குள் போகும், எனக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு இடுக்கையும் கண்ணால் தடவிப் பார்ப்பான். அந்த மூலையை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

தொட்டியின் வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எப்போதும் ஈரம். அதைச் சுற்றிப் பச்சைப்பாசி, செங்கல் இடுக்கில் விரல் நீளப் பெரணிச் செடி, அதன் அடியில் நத்தைகள். தரையோடு தரையாகக் கண்கள் மட்டும் தெரியும் சின்னத் தவளைகள். நான் அசைந்தால் குதிக்கும், அவை குதித்தால் நானும் குதிப்பேன். கொஞ்சநேரத்தில் யார் யாரைப் பயமுறுத்துகிறோம் என்று தெரியாமல் போய்விட்டது.

அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, பழைய ஷெட்டின் கூரைத் தகடு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் கிடந்த வார்ப்பு மணலில், வடகிழக்கு மழை கொட்டித் தீர்த்த அந்த மார்கழியிலும், ஒரு சொட்டு விழவில்லை. மாவு மாதிரி உலர்ந்த மணல். அதில் புனல் புனலாகச் சிறு குழிகள். நான் பாம்பின் மூச்சுத் துளை என்றே முதலில் நினைத்தேன். எறும்பு ஒன்று விளிம்பில் சறுக்கியது; அடியிலிருந்து யாரோ மணலை வாரி மேலே எறிந்தார்கள்; எறும்பு காணாமல் போனது. சின்ன வயதில் ஊதி ஊதி வெளியே எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்ட குழியானை. ஒரு முழம்தான். இந்தப் பக்கம் மழைக்காலம், அந்தப் பக்கம் கோடை. தவளையைத் தூக்கி அங்கே வைத்தால் காய்ந்து சாகும்; குழியானையை இங்கே வைத்தால் மூழ்கிச் சாகும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலேயே அண்டைவீட்டுக்காரர்களாக இருந்தன.

பலகை அடுக்கிலும் அதே கதைதான். அடியில் இருட்டும் ஊறலும். அங்கே மரவட்டை, பூரான், கறையான். நடுத்தட்டில் பல்லிகள். உச்சியில் காலை வெயில் விழும் பலகையில் ஓர் ஓணான், தண்டால் எடுத்துக்கொண்டு தன் இடத்தைக் காவல் காத்தது. சுவரோரம் எலிகள் தேய்த்துத் தேய்த்துப் போட்ட வழித்தடம். சுவரின் வெயில் பக்கத்து வெடிப்பில் அரணை. புங்கஞ்சருகுக்குள் சருகு நிறத்திலேயே ஒரு தேரை. காலை ரயிலில் சீட்டாடும் கூட்டம் ஒரு மூலை, கதவோரம் தொங்குகிறவர்கள், ஜன்னலோரம் தூங்குகிறவர்கள், கடைசிப் பெட்டியில் மீன்கூடைகள் என்று யாரும் எழுதி ஒட்டாமலே எல்லோருக்கும் இடம் இருக்குமே, அப்படி. மாறி உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

இதையெல்லாம் நான் வியப்போடு பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொன்றையும் ஓர் ஆபத்தாகத்தான் எண்ணிக்கொண்டேன். தவளை இருந்தால் பாம்பு வரும். எலி இருந்தால் பாம்பு வரும். பலகை இருந்தால் பாம்பு தூங்கும். எல்லா வழியும் என் பொய்யை மெய்யாக்கும் பக்கமே போயிற்று. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. டக்ட்டுக்கு நேர் கீழே கருப்பாக, கட்டை விரல் பருமனில் சில உருண்டைகள் கிடந்தன. கம்பியால் பிரித்துப் பார்த்தேன். எலி ரோமம், பொடி எலும்பு, ஒரு சின்னத் தாடை. பாம்பு கக்கியது என்று முடிவு செய்து, அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்: வடக்கு மூலை முழுவதையும் அகற்ற வேண்டும், பழைய சுவர், டக்ட் உட்பட. பாம்பு கிடைக்காவிட்டாலும் இடமே இல்லாமல் போய்விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மேனேஜர் உடனே கையெழுத்திட்டார். சனிக்கிழமை காலை தேர்வாய் கண்டிகையிலிருந்து பொக்லைன் வருவதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சீறல் மறுபடி கேட்டது.

அன்று நான் ஓடவில்லை. தைரியம் வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். வாளிமேல் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. எழ முயன்று முடியாமல் அப்படியே இருந்தேன். வேறு வழியில்லாததால் கேட்டேன். ஒரு சீறல் இல்லை. ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது, இன்னொன்று ஊதல் கெட்ட விசில் மாதிரி. மூன்று பாம்பு என்று ஒரு கணம் தோன்றி, வியர்த்துவிட்டது. பிறகு, மூன்று பாம்பு முறை வைத்துச் சீறுமா என்ற சந்தேகம் வந்தது. கால் திரும்பியதும் போனைக் கம்பி நுனியில் டேப் போட்டுக் கட்டி, விளக்கையும் வீடியோவையும் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு டக்ட்டுக்குள் நீட்டினேன்.

வீடியோவைக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். முதலில் துரு. பிறகு எலி ரோமக் குப்பை. பிறகு மூன்று வெள்ளை முகங்கள், வெற்றிலை வடிவில், படிப்படியாக உயரம் குறைந்து. இட்லிப் பானை ஆவிபோலப் பஞ்சு பஞ்சாக உடம்பு. மூன்றும் தலையைத் தாழ்த்தி, இடமும் வலமும் ஆடி, என் போனைப் பார்த்து உயிர்போகச் சீறின. கூகைக் குஞ்சுகள், எங்கள் பக்கத்தில் எல்லாமே ஆந்தைதான். கடைக்குட்டி, பயத்தில் அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் அங்கிருந்து சீறியது. அந்த உத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சத்தம் என் மேலுள்ள பயத்தில் வந்தது. அவர்கள் பயந்தார்கள், நான் பயந்தேன், இரும்பு உறைந்தது. நாளைக் காலை பொக்லைன் வரும்.

வெளியே சொல்லாமல் இருக்க என்னென்ன வழி என்று வீட்டுக்குப் போகும்வரை யோசித்தேன். பொக்லைன் டிரைவருக்கு வயிற்றுவலி வரலாம். மழை கொட்டலாம். ஆடிட் தள்ளிப்போகலாம். எதற்கும் நான் தேவைப்படாத வழிகளாகவே தோன்றின. சனிக்கிழமை காலை மனைவி டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது வீடியோவைக் காட்டினேன். இட்லியை வைத்துவிட்டு ரெண்டு தடவை பார்த்தாள்.

"இதுக்கா சைரன் அடிச்சீங்க?"

"சத்தம் பெருசா இருந்துச்சு."

"அன்னிக்கு நீங்க நேருக்கு நேரா பாம்ப பாத்தேன்னு சொன்னப்பவே எனக்கு டவுட்டுதான். நம்ம ஊட்ல கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல ஏறி நிக்கறவரு." டப்பாவை மூடினாள். "போய் சொல்லிடுங்க. தெனம் அவங்கள சிரிக்க வெக்க பேஜாரு படறீங்க இல்ல, இன்னிக்கு கஷ்டமே இல்லாம சிரிப்பாங்க."

நான் போனபோது பொக்லைன் ஏற்கெனவே வடக்கு மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஆட்கள் காலைப் பேச்சுக்கு வரிசையாக நின்றார்கள். மேனேஜர் ஓரமாக நின்றார். என் கூட்டாளி, உறைந்த இரும்பைக் கொத்திக் கொத்திச் சிவந்த கண்களோடு முன்வரிசையில் நின்றான்.

ஒரு ஜோக்கோடு தொடங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"அன்னைக்கு பாம்பு இல்ல," என்றேன். "நான் பாம்பைப் பார்க்கல. சத்தம்தான் கேட்டேன். அது ஆந்தைக் குஞ்சு. மூணு இருக்கு, அந்த டக்ட்ல. நான் பயந்துட்டேன். பார்த்தேன்னு சொன்னது பொய்."

பின்வரிசையில் யாரோ மெதுவாக, 'புஸ்ஸ்ஸ்' என்றான். அவ்வளவுதான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தமிழ் தெரியாத பையன்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் மொழிபெயர்க்க, அவர்கள் தாமதமாக, இரண்டாவது அலையாகச் சிரித்தார்கள். என் சுவரெழுத்து எனக்கு எதிரேயே இருந்தது. நில்லுங்கள். பாருங்கள். வேறு வழியில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. என் கூட்டாளியிடம் திரும்பினார்.

"நீங்க வாலைப் பார்த்தேன்னீங்களே?"

பொய் சொல்வதற்கு முன் இவனை நான் கணக்கில் எடுக்கவில்லை. உண்மை சொல்வதற்கு முன்னாலும் எடுக்கவில்லை.

"பாத்தேன் சார்," என்றான் அவன் கூசாமல். "ஆந்தைக்கு வாலு இல்லியா?"

பின்னாலிருந்து ஒரு வயதானவர், "ஆந்த ஆவாது சார், எடுத்துப் போட்ருங்க" என்றார். "இந்தக் கம்பெனில இதுக்கு மேல இன்னா ஆவாம போவணும்?" என்றான் கூட்டாளி. மறுபடி சிரித்தார்கள். இந்த முறை நானும் கொஞ்சம் சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்ற சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் போயிற்று. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெமோ வரும், வாங்கிக்கோங்க" என்றார். "சரி சார்." "டக்ட்டையும் அந்தச் சுவரையும் விட்டுடலாம். வண்டி வந்தது வந்துடுச்சு. மத்ததெல்லாம் எடுத்துடட்டும். உங்க ரிப்போர்ட்டே அதானே?"

"சரி சார்."

எந்த இடத்தில் எது இருக்கிறது என்று அந்தத் தொழிற்சாலையில் தெரிந்த ஒரே ஆள் நான். நாலு நாள் வாளிமேல் உட்கார்ந்து படித்திருந்தேன். வேண்டாம் சார், அந்தச் சொட்டை விடுங்கள், அந்தக் கூரைக்கடியில் ஒரு முழ மணலை விடுங்கள், அடுக்கில் பாதியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அன்றைக்கென்று என்னிடம் இருந்த தைரியம் முழுவதையும் மூன்று வெள்ளை முகங்களுக்குச் செலவழித்துவிட்டிருந்தேன். முகம் இருந்தவற்றுக்காகப் பேசினேன். முகமே இல்லாத குழியானைக்கும், கண்ணும் வாயும் மட்டுமான தவளைக்கும் 'சரி சார்'.

அதோடு முடியவில்லை. கம்பெனிக்குள் கனரக வண்டி பின்னால் நகர்ந்தால், சேஃப்டி ஆபீசர் பக்கத்தில் நின்று விசில் ஊதி வழிகாட்ட வேண்டும். விதி அது, எழுதியது நான். பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றேன். "வரட்டும், வரட்டும்" என்று கையசைத்தேன். விசில் ஊத ஊத வண்டி பின்னால் வந்தது. முதலில் மணல். குழிகள் ஒரு நொடியில் தட்டையாயின. பிறகு பலகை அடுக்கு. இரும்புப் பல் அதை அள்ளித் தூக்கியபோது உச்சியிலிருந்த ஓணான் வண்டியின் கைமேலேயே ஓடி, குதித்து, எங்கே போவதென்று தெரியாமல் காம்பவுண்டுச் சுவர்மேல் நின்றது. எலிகள் நாலா பக்கமும் சிதறின, பையன்கள் துரத்தினார்கள். ஈர இடத்தின்மேல் டயர் ஏறியபோது நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். மதியம் பிளம்பர் வந்து வால்வுக்குப் புது வாஷர் போட்டார். சொட்டு நின்றது. இடம் ஆடிட்டுக்குத் தயாராக, வழுக்கையாக, சுத்தமாக இருந்தது. தரையில் மஞ்சள் கோடு போட்டோம்.

ஆடிட்டர் வந்தபோது அந்த மூலையைப் பார்க்கவேயில்லை.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் கம்பியும் போனுமாக அங்கே போனேன். பெரிய ஆந்தை இருட்டும் நேரத்தில் மரத்திலிருந்து சத்தமேயில்லாமல் கிளம்பும். முன்பு பலகை அடுக்கின் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும், இரண்டடியில் இரை கிடைத்திருக்கும். இப்போது அங்கே எலி இல்லை. மேலே எழுந்து, ரயில்பாதையைத் தாண்டி, வயல்பக்கம் போனது. திரும்ப நேரமாயிற்று. கீழே விழும் உருண்டைகள் குறைந்தன. ஒரு சாயங்காலம் வீடியோவில் இரண்டு முகங்கள்தான் இருந்தன. முதுகுக்குப் பின்னால் ஒளியும் கடைக்குட்டியைக் காணோம். கடைக்குட்டிகள் எப்படியும் பிழைப்பது அபூர்வம் என்று படித்தேன். அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்பதற்காகவே திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற இரண்டும் தை கடைசியில் பறந்துபோயின. எனக்குப் பின்னால் 'புஸ்ஸ்' என்கிற சத்தம் மட்டும் பறக்கவில்லை. இன்றும் கேண்டீனில் நான் தட்டோடு வரிசையில் நின்றால் கேட்கும்.

இப்போது சொல்லப்போவது மேனேஜருக்குத் தெரியாது. மாசி மாதத்திலிருந்து, நாஷ்டா முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகு, ஒரு ஸ்பேனரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போகிறேன். சொட்டு நின்றிருந்தால் வால்வை ஒரு கால் திருகு தளர்த்துகிறேன். நாலு பக்கமும் பார்க்கிறேன். கம்பெனியில் கசிவு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியவன், ஒரு கசிவை உண்டாக்கிவிட்டுத் திருடன் மாதிரி திரும்பி வருகிறேன். முதலில் தரை கறுத்தது. பிறகு எறும்பு வந்தது. மஞ்சள் கோட்டின் விளிம்பில் பச்சை படிந்தது. பத்து வண்டி மணல் அள்ளி எடுத்த இடத்தில் அதுதான் முதல் நிறம்.

போன வாரம் மெயின்டனன்ஸிலிருந்து புகார் வந்தது. வடக்கு மூலைத் தொட்டியில் தொடர்ந்து தண்ணீர் கசிகிறது, யாராவது வழுக்கி விழக்கூடும், சேஃப்டி நேரில் பார்த்து அறிக்கை தரவும். நேரில் பார்க்கப் போனேன். மேனேஜரும் வந்தார். வழியில் கூட்டாளியும் சேர்ந்துகொண்டான். நான் எங்கேயாவது மாட்டிக்கொள்கிற மாதிரி தெரிந்தால் எப்படியோ வந்துவிடுவான்.

மேனேஜர் வால்வைப் பார்த்தார். ஈரத்தைப் பார்த்தார். "புது வாஷர் போட்டோமே" என்றார். குனிந்தேன். பாசிக்குள்ளிருந்து எதுவோ என் பூட்ஸ்மேல் குதித்தது. நான் கத்திக்கொண்டு பின்னால் போய் மேனேஜரின் காலை மிதித்தேன். ஒரு பெருவிரல் அளவுத் தவளை. அது எங்கிருந்து வந்ததோ, எப்படித் தெரிந்ததோ.

குனிந்து எழுந்ததில் சட்டை மேலேறி, காலையில் செருகி மறந்த ஸ்பேனரின் தலை இடுப்பில் வெளியே தெரிந்தது. கூட்டாளி அதைப் பார்த்தான். மேனேஜரை மறைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"வாஷர் மட்டமான சரக்கு சார்," என்றான். "போட்டப்பவே பாத்தேன். நானே பாத்தேன்."

மேனேஜர் காலை நொண்டிக்கொண்டே போனார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அறிக்கையில இன்னா எழுதுவ?" என்றான் அவன்.

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அறிக்கை இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது, 'கண்டது' என்ற கட்டம் காலியாக.